ஈரத்தலை

திருப்பதியில் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை பார்த்தேன். கப்பல்களில் ஆள் மாற்றுவது எங்கள் வேலை. ஒப்பந்தம் முடிந்தவர் இறங்க வேண்டுமானால், அவருக்குப் பதில் ஆள் ஏறியாக வேண்டும். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். “எம்புள்ள கப்பலுக்கே ஆள் அனுப்புறான்” என்று நைனா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று ஒரு சரக்குக் கப்பல் கிருஷ்ணப்பட்டினத்தில் நின்றிருந்தது. அதன் சமையல்காரர் திருச்சானூர்க்காரர். மனைவிக்கு நிறைமாதம். “பெட்டி கட்டிட்டேன் தம்பி” என்று காலையிலேயே போன் செய்தார். அவருக்குப் பதில் ஏற வேண்டியவர் நகரிக்காரர். அவருடைய நைனா அன்று விடியற்காலையில் இறந்துபோயிருந்தார்.

“மாட்லாடி தீஸ்கொச்செய்” என்றார் மேனேஜர். பேசிக் கூட்டி வந்துவிட வேண்டுமாம்.

நகரியில் அந்தத் தெரு முழுக்க விசைத்தறிகளை நிறுத்தியிருந்தார்கள். ஒரே மகன், கொள்ளி அவர்தான் வைக்க வேண்டும். நான் வாயைத் திறக்கும் முன்பே அவருடைய மாமா கேட்டார்: “இன்னாப்பா, எமன் ஒருத்தன் வந்து போனது பத்தாதா? நீ வேற வந்துகீறியா?”

வாங்கிப்போன மாலையை வைத்துவிட்டுத் திரும்பினேன். பேருந்து நிலையத்திலிருந்து சமையல்காரருக்கு போன் செய்து சொன்னேன். கப்பல் சாயங்காலமே ஆப்பிரிக்காவுக்குக் கிளம்புகிறது; வேறு ஆள் தேட நேரமில்லை.

“அப்பனுக்குக் கொள்ளி வெக்காம எப்படி வருவான்? பெட்டிய பிரிச்சிடறேன்” என்றார். பெட்டியின் ஜிப்பை இழுக்கும் சத்தம் கேட்டது. “எங்க வூட்ல நீயே சொல்லிடு தம்பி. எனக்கு வாய் வராது.”

சாவு வீட்டிலிருந்து பிள்ளைத்தாய்ச்சி வீட்டுக்கு அப்படியே போகக் கூடாது. திருப்பதியில் என் அறைக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டு, சட்டை மாற்றி, ஷேர் ஆட்டோவில் திருச்சானூர் போனேன்.

கதவைத் திறந்த சமையல்காரரின் மனைவி சிரித்தார். எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. பிறகு என் தலையைப் பார்த்தார். நடுப்பகல் தாண்டிய வெயிலில் சொட்டிக்கொண்டிருந்த தலை. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“எப்ப ஆச்சு?”

எனக்குப் புரியச் சற்று நேரமானது. “ஐயோ, அண்ணன் நல்லா கீறாருக்கா! இது வேற சாவு. அவருக்குப் பதிலா போறவரோட நைனா.”

“உசுரோட கீறாரா?”

“கீறாருக்கா.”

வாசற்படியிலேயே உட்கார்ந்து சிரித்தார். சிரித்தபடியே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். உள்ளே குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

“அப்போ எத்தினி மணிக்கு வருவாரு தம்பி? சோறு வடிச்சிடட்டா?”