கூரை திறக்காத கார்

பேய், பிசாசு, கண்ணூறு எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது, இருந்ததும் இல்லை. டென்மார்க்கில் பிரெடெரிசியா என்ற ஊரில் ஒரு பிளைஹெம்மில், அதாவது முதியோர் இல்லத்தில், பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறேன். இந்தக் கையால் எத்தனை பேரின் கண்ணை மூடியிருப்பேன், எத்தனை பேரைத் துடைத்துச் சுத்த உடுப்புப் போட்டுக் கிடத்தியிருப்பேன், ஒருவராவது எழும்பி வந்து என்னோடு கதைத்ததில்லை. ஆகவே இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் நான் கோபிக்க மாட்டேன். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன், பாவம், புருசன் போன கவலையில் மனிசிக்கு மண்டை தட்டிவிட்டது என்று நாலு பேருக்குப் போன் எடுத்தும் சொல்லியிருப்பேன்.

எங்கள் வேலையிடத்தில் ஒரு பழக்கம் இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒருவருக்கு உயிர் போனதும் டெனிஷ்காரர் அந்த அறையின் யன்னலைத் திறந்துவிடுவார்கள், உயிர் வெளியே போக வழி வேண்டுமாம். என்னோடு வேலை செய்கிற கிர்ஸ்டன் நன்றாகப் படித்தவள், கோயில் குளம் எதுவும் இல்லாதவள், அவள்கூட மறக்காமல் திறப்பாள். கதவு நமக்கு, யன்னல் அவர்களுக்கு என்பாள். நானும் பத்தொன்பது வருடமாகத் திறந்துகொண்டுதான் வருகிறேன், ஆனால் மணம் போகட்டும் என்றுதான் திறந்தேன், வேறு ஒன்றுக்குமில்லை.

இனிக் காரின் கதை. இவருக்கு, என் கணவருக்கு, ஒரு பைத்தியம் இருந்தது. அறுபதுகளில் செய்த அமெரிக்கக் கார், எட்டு சிலிண்டர், ஒரு மீன்பிடி வள்ளத்தின் நீளம், துணிக்கூரை பின்னால் மடிந்து திறக்கிற வகை. பத்து வருடத்துக்கு முன் துருப்பிடித்த வெறும் கூடாக வாங்கினார். ஊருக்கு வெளியே யென்ஸ் என்ற பண்ணைக்காரனின் கொட்டகையில் அதை வைத்து, தொழிற்சாலை வேலை முடிந்த கையோடு அங்கே போவார், சனி ஞாயிறும் அங்கேதான். ஒவ்வொரு ஆணியாகக் கழற்றித் தேய்த்துப் பூட்டி, கரும்பச்சை நிறம் அடித்து, அது கல்யாணப் பெண் மாதிரி ஆகிவிட்டது. நான் அதற்குச் சக்களத்தி என்று பெயர் வைத்தேன். சனிக்கிழமை காலையில் இவர் சப்பாத்துப் போடும்போது “சக்களத்தி வீட்டுக்கோ பயணம்?” என்று கேட்பேன், இவர் சிரித்துக்கொண்டே போவார். எனக்கும் இரண்டு மூன்று வருடம் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை.

இவர் போன நாள் ஒரு ஏப்ரல் சனிக்கிழமை. எஸ்பியர்க்கில் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். நான் கூறைச்சேலை கட்டி, தலைக்குப் பூ வைத்து நிற்கிறேன், இவர் எண்ணெய்க் கறை பிடித்த காற்சட்டையோடு வெளிக்கிடுகிறார். புதுக்கூரை வந்துவிட்டதாம், பூட்டிவிட வேண்டுமாம், என்னையும் மகளையும் போய் வரச் சொல்கிறார்.

“இண்டைக்குப் பூட்டி முடிச்சிடுவன். அடுத்த கிழமை உம்மை அதில ஏத்தி, கூரையைத் திறந்துபோட்டு எஸ்பியர்க் முழுக்கச் சுத்திக் காட்டுறன், பாருமன்” என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. “பத்து வருசமா இதே கதை. அப்ப அதுக்குள்ளேயே கிடவுங்கோ. வீட்டுப் பக்கம் வரவேண்டாம்” என்றேன்.

இதை நான் யாருக்கும் சொன்னதில்லை, மகள் துளசிக்குக்கூடத் தெரியாது, அவள் அப்போது குளியலறையில் இருந்தாள். உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

கல்யாண மண்டபத்தில் போன் கிடந்த கைப்பையைக் கதிரைக்கடியில் வைத்துவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். யென்ஸ் ஒன்பது தடவை அழைத்திருந்தான். புதுக்கூரையைப் பூட்டி, அதை மூடி, இரண்டு பக்கக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டு இவர் சாரதி இருக்கையில் இருந்திருக்கிறார், எங்காவது வெளிச்சம் உள்ளே வருகிறதா என்று பார்க்க இருந்தாரோ, களைத்துப்போய் இருந்தாரோ தெரியாது. மாரடைப்பு. கண்ணாடி முழுக்க உள்பக்கம் மூச்சின் ஈரம் பனிமூட்டம் மாதிரிப் புகாராகப் படிந்திருந்ததால் ஆள் உள்ளே இருப்பது முதலில் தெரியவில்லை என்று யென்ஸ் சொன்னான். அதைக் கேட்டதும் எனக்கு விளங்கிவிட்டது. அவ்வளவு புகார் படிய வேண்டும் என்றால் மனிதர் உடனே போகவில்லை, நிறைய நேரம் உள்ளேயே மூச்சு விட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். நான் அந்த நேரம் பாயாசம் குடித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் சமயப்படி எல்லாம் செய்தோம், எட்டாம் நாள், முப்பத்தோராம் நாள் சடங்கு, ஒன்றும் விடவில்லை. காரை மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. அதை விற்றுவிட்டால் நான் சொன்ன சொல்லும் அதோடு போய்விடும் என்று நினைத்தேன். அதோடு யென்ஸும் பண்ணையை விற்கப் போகிறான், நவம்பர் முடிய முன் கொட்டகை காலியாக வேண்டும் என்றான்.

துளசி இணையத்தில் விளம்பரம் போடப் படம் எடுத்தாள். இருபது படம் இருக்கும், எல்லாவற்றிலும் சாரதிப் பக்கக் கண்ணாடியில் மட்டும் புகார். துடைத்துவிட்டு எடுத்தாலும் அப்படித்தான் வந்தது.

“அம்மா, டெ எர் பார கொன்டென்ஸ்” என்றாள் டெனிஷில், வெறும் ஈரம்தான் என்று. அவள் எஞ்சினியருக்குப் படிக்கிறாள், நானும் சரி என்றேன்.

செப்டெம்பரில் ஒரு புருசன் பெண்சாதி பார்க்க வந்தார்கள். எஞ்சின் சத்தத்தைக் கேட்டதும் அந்த மனிதனுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு கூரையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். முன்கண்ணாடிக்கு மேலே இருக்கிற இரண்டு கொழுக்கியையும் கழற்றி சுவிச்சை அமத்தினால் மோட்டர் உறுமுகிறது, கூரை அசையவில்லை. கூரை திறக்காத காரை யார் வாங்குவார்கள், போய்விட்டார்கள். அதற்குப் பிறகு வந்த இரண்டு பேருக்கும் அதே கதைதான். இவரின் கூட்டாளி சிவம் அண்ணை, முப்பது வருடமாகக் கார் திருத்துகிறவர், ஒரு நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டினார். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

“தங்கச்சி, மோட்டர் நல்லா வேலை செய்யுது, எண்ணெய் இருக்கு, ஒண்டும் இறுகேல்லை. கையால தூக்கிப் பாத்தன், வருதில்லை. உள்ளுக்க இருந்து ஆரோ பிடிச்சுக்கொண்டு விடுகினமில்லை மாதிரிக் கிடக்கு” என்றார்.

அதற்குப் பிறகு கூப்பிட்டால் அவருக்கு நாரிப்பிடிப்பு, காய்ச்சல், மச்சான் வருகிறார், ஒவ்வொரு சாட்டு.

கடைசியாக ஸ்கீவவில் இருந்து ஹென்ரிக் என்று ஒருவர் போன் எடுத்தார். கூரை திறக்காது என்று உண்மையைச் சொல்லி விலையையும் குறைத்தேன், பரவாயில்லை, வந்து பார்க்கிறேன் என்றார். நவம்பர் மாதக் கடைசிச் சனி, பகல் இரண்டு மணிக்கு வருவதாக ஏற்பாடு. நான் ஒரு மணிக்கே போய்விட்டேன். உங்களுக்குத் தெரியும்தானே நவம்பர் எப்படி என்று, பகல் ஒரு மணிக்கே பொழுது சாய்ந்த மாதிரி, சாம்பல் நிறத்தில் ஒரு தூறல், கொட்டகைக்குள் ஒரேயொரு மின்குமிழ். யென்ஸும் வீட்டில் இல்லை.

சாரதிப் பக்கக் கண்ணாடியில் புகார். வருகிறவர் பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று துணியால் துடைத்தேன், போகவில்லை, உள்பக்கம். கதவைத் திறந்து உள்பக்கத்தையும் துடைத்துவிட்டு மூடினேன். நான் காருக்குள் ஏறவில்லை, அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இவர் போன பிறகு நான் அந்த இருக்கையில் ஒரு நாளும் இருந்ததில்லை. துணியை மடித்துக்கொண்டு திரும்பிப் பார்க்கிறேன், கண்ணாடியில், ஒரு ஆளின் முகம் இருக்கிற உயரத்தில், உள்ளங்கை அளவு புகார். பார்க்கப் பார்க்க அது பரவியது, பிறகு மெல்லச் சுருங்கியது. திரும்பவும் பரவியது, சுருங்கியது.

நீங்கள் நம்பினாலும் சரி, விட்டாலும் சரி, எனக்கு முதலில் பயம் வரவில்லை, வேலைப் பழக்கம்தான் வந்தது. நான் எண்ணத் தொடங்கினேன். போகப் போகிற ஆட்களின் மூச்சு எப்படி என்று எனக்குத் தெரியும், நாலைந்து மூச்சு வரும், பிறகு ஒன்றும் இராது, முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது திரும்ப வரும். அந்த இடைவெளியை நாங்கள் எண்ணுவோம். கண்ணாடியில் ஐந்து தடவை பரவிச் சுருங்கியது. நின்றது. எட்டு, ஒன்பது, பத்து என்று எண்ணினேன். பத்தில் திரும்ப வந்தது.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. ஊர்பேர் தெரியாத எத்தனையோ டெனிஷ்காரருக்கு யன்னல் திறந்துவிட்ட நான், என் மனிதருக்குத் திறக்கவில்லை. யாருமே திறக்கவில்லை. கதவால் தூக்கிக்கொண்டு போனார்கள், எல்லோரும் கூரையோடுதான் சண்டை பிடித்தார்கள், அந்தக் கண்ணாடி இவர் ஏற்றியபடியே ஏழு மாதமாக இருந்தது. அதுக்குள்ளேயே கிடவுங்கோ என்றேன், கிடந்துவிட்டார். உயிரோடு இருந்தபோது நான் சொன்ன ஒன்றையாவது கேட்டாரா இந்த மனிதர், கடைசிச் சொல்லை மட்டும் கேட்டுவிட்டார்.

கதவைத் திறந்து, கையை விட்டு, பிடியைச் சுற்றிக் கண்ணாடியை இறக்கினேன். அழுதுகொண்டுதான் சுற்றினேன். கிர்ஸ்டனாக இருந்தால் போய் வாருங்கள் என்று சொல்லியிருப்பாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“இஞ்சருங்கோ, நான் கோவத்தில சொன்னது. அதைப் போய் ஆரும் உண்மையெண்டு எடுப்பினமே? கிடந்தது காணும், வெளியில வாங்கோ. வீட்டை போவம்.”

ஒன்றும் நடக்கவில்லை, காற்று அடிக்கவில்லை, சத்தம் கேட்கவில்லை. இவர் கை கழுவுகிற பசையின் தோடம்பழ மணம் கொஞ்சம் வந்தது, அது கொட்டகையிலேயே இருந்த மணமாகவும் இருக்கலாம்.

இரண்டு மணிக்கு ஹென்ரிக் தற்காலிக இலக்கத்தகடுகளோடு வந்தார், கொண்டுவந்து விட்டவர் உடனே திரும்பிப் போய்விட்டார். ஹென்ரிக் சாரதி இருக்கையில் ஏறி உட்கார்ந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தார். “இருக்கை சூடாக இருக்கிறதே, இவ்வளவு நேரமும் இதிலா இருந்தீர்கள்?” என்று கேட்டார். நான் காரின் கடதாசிகளை எடுத்து நீட்டினேன். கொழுக்கியைக் கழற்றி சுவிச்சை அமத்தினார். கூரை எழும்பி, மடிந்து, பின்னால் போய்ப் படுத்தது, ஒரு சின்ன முனகல்கூட இல்லை. ஹென்ரிக்குக்கு என் மேல்தான் சந்தேகம், விலையைக் குறைத்துவிட்டு ஏன் பொய் சொன்னாள் இந்தப் பெண் என்று. கையெழுத்துப் போட்டு, தொப்பியை இழுத்துவிட்டு, அந்தத் தூறலுக்குள் கூரையைத் திறந்தபடியே ஸ்கீவவுக்கு ஓட்டிக்கொண்டு போனார். சக்களத்தி போகிறாள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன், மனம் லேசாகத்தான் இருந்தது.

என்னுடையது ஒரு சின்ன வெள்ளைக் கார். ஏறிக் கதவைச் சாத்தி வீட்டுக்கு வெளிக்கிட்டேன், சூடு முழுக்கப் போட்டிருந்தேன், எல்லாக் கண்ணாடியும் பளிச்சென்று இருந்தன. பாதி வழியில் ஏதோ நினைத்து வலப்பக்கம் திரும்பிப் பார்த்தேன், இங்கே சாரதி இருப்பது இடப்பக்கம். ஆளில்லாத இருக்கையின் கண்ணாடியில், முகம் இருக்கிற உயரத்தில், உள்ளங்கை அளவு புகார். பரவியது, சுருங்கியது. பன்னிரண்டு எண்ணினேன்.

நான்தானே வீட்டை போவம் என்று கூப்பிட்டேன்.

அது நடந்து நாலு மாதமாகிறது. இப்போதும் ஒவ்வொரு காலையும் இருக்கிறது. போன மாதம் துளசி முன் இருக்கையில் ஏறப்போனாள், நான் மறித்துப் பின்னால் இருக்கச் சொன்னேன். “வோஃபோ?” என்றாள், ஏன் என்று. “முன்னுக்குச் சாமான் கிடக்கு” என்றேன். அவள் எட்டி அந்த வெறும் இருக்கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு பின்னால் ஏறினாள். வேலையிடத்தில் யாரோடாவது கதைக்கச் சொல்கிறாள் இப்போது. கதைக்கலாம். ஆனால் எனக்கு வேண்டியது ஆலோசனை இல்லை.

இடைவெளி நீண்டுகொண்டே போகிறது. தைப்பொங்கல் நேரம் இருபது எண்ணினேன், போன கிழமை நாற்பதைத் தாண்டிவிட்டது. இப்படி நீளும்போது அடுத்தது என்ன என்று என் வேலை செய்கிற யாருக்கும் தெரியும், அப்போது என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியும். அந்தக் கண்ணாடியை இறக்குகிற பொத்தான் என் இடது கைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு நாளும் அதில் விரலை வைக்கிறேன், அமத்த மனம் வருவதில்லை, இன்னும் ஒரு நாள் இருக்கட்டும் என்று எடுத்துவிடுகிறேன். இன்று காலை வீட்டு வாசலில் காருக்குள் இருந்தபடி எண்ணினேன், ஐம்பத்திரண்டில்தான் வந்தது. அது வரும்வரை நான் காரை எடுக்கவில்லை, வேலைக்குப் பிந்திப் போனேன்.