உணர்ச்சி இயல்பாக உள்ளது

நான்கு முறை குத்திய பிறகு, "தெரியுதா?" என்று கேட்டார்.

"குத்துங்க சார். குத்தினா சொல்றேன்" என்றாள் கண்களை மூடிக்கொண்டு வலக்கையை மேசைமேல் நீட்டியிருந்தவள். அவளுடைய ஆள்காட்டி விரல் நுனியில் அதற்குள் ஒரு சொட்டு ரத்தம் எட்டிப் பார்த்திருந்தது. ஊசி பிடித்தவர் தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி. ரத்தத்தைப் பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டுப் படிவத்தில் நிதானமாக எழுதினார்: 'வலக்கை விரல்கள்: உணர்ச்சி இயல்பாக உள்ளது.' கீழே கையெழுத்து. அதன் முடிவில் நாய்வால் போல ஒரு சுழி.

அந்தப் பெண்ணுக்குப் பட்டறையில் பொறி என்று பெயர். பத்தொன்பது வருடம் கிரைண்டரைப் பிடித்து, வார்ப்பில் வந்த பம்பு உறைகளின் பிசிறைத் தேய்த்தவள். அவள் நிற்கும் மூலையில் பொறி பறக்கும், பேச்சிலும் பறக்கும். கிரைண்டர் நாள் முழுக்கக் கையை உலுக்கிக்கொண்டே இருக்கும். வருடக்கணக்கில் உலுக்கினால் விரல் நரம்பு செத்துப்போகும். இது தலையெழுத்தும் அல்ல, முன்வினையும் அல்ல. அதிர்வு குறைந்த இயந்திரம் வாங்கியிருந்தால் வந்தே இருக்காது. வாங்கச் சொல்லும் பொறுப்பு இதே பாதுகாப்பு அதிகாரிக்குத்தான் இருந்தது. "பாதுகாப்பு வருது, ஒளிஞ்சுக்கோங்கடி" என்று பட்டறைப் பெண்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஊசி குத்திய மூன்றாம் மாதம் பொறியின் கையிலிருந்து ஒரு பம்பு உறை நழுவி விழுந்து உடைந்தது. கவனக்குறைவு என்று சொல்லி வேலையை விட்டு நீக்கினார்கள். கைதான் இயல்பாக இருக்கிறதே, காகிதமே சொல்கிறதே! அப்போதுதான் அந்தப் படிவத்தை அவள் முதல்முறையாகப் பார்த்தாள். தீர்ப்பாயத்துக்குப் போனாள். விரல்கள் மரத்துவிட்டதாக வெளி மருத்துவர் ஒருவர் சான்று கொடுத்தார். "வேலையை விட்டுப் போன பிறகு வந்திருக்கலாமே" என்றார் கம்பெனி வக்கீல்.

"அப்பவே அவங்களுக்குத் தெரியும்னு ஒரே ஒரு வரி வேணும்மா. அது இல்லாம ஒண்ணும் நடக்காது" என்றார் அவளுடைய வக்கீலம்மா.

அந்த வரியை எழுதக்கூடிய கை உலகத்திலேயே ஒன்றுதான் இருந்தது. அந்தக் கை ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரியில் பாஸ் மீன் பிடித்துக்கொண்டிருந்தது. மீன்பிடி சங்கத்தின் ஆண்டுப் போட்டியில் தொடர்ந்து நான்கு முறை கோப்பை வாங்கியவர் அவர். ஐந்து வருடத்துக்கு முன் தோற்றபோது ஜெயித்தவன்மேல் மூன்று பக்கத்துக்கு ஆட்சேபம் எழுதிக் கொடுத்தவரும் அவரே.

ஏரிக்கரைப் பலகையில் சங்க விதிகள் ஒட்டியிருந்தன. எதிலும் கடைசி வரிவரை படிக்கிற வழக்கம் பொறிக்கு உண்டு. பதினோராம் விதியை அவள் இரண்டு முறை படித்தாள். ஆட்சேபத்தை எழுத்தில், கையெழுத்திட்டுத் தர வேண்டும். குற்றச்சாட்டு தமக்கு எப்படித் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். எதிராளிக்கு நகல் உண்டு.

வீட்டுக்குப் போனதும், "அண்ணி, நான் பாஸைப் பிடிக்கப் போறேன்" என்றாள்.

அண்ணி துணி தைப்பவள். லாரி ஓட்டும் அண்ணன் மாதத்தில் இருபது நாள் சாலையில் இருப்பான். அந்த இரண்டு அறை வீட்டில் பெரும்பாலும் இவர்கள் இருவர்தான். பொறிக்குப் பொத்தான் போட வரவில்லை என்றதும், அவளுடைய எல்லாச் சட்டைகளிலும் பொத்தானைப் பிரித்துவிட்டு ஒட்டும் பட்டை தைத்தவள் அவள்.

"எந்த பாஸை? கழுத்தையா, காலையா?" என்றாள் அண்ணி, மெஷினை நிறுத்தாமல்.

"மீனு அண்ணி."

"ச்சே, நான் வேற சந்தோஷப்பட்டுட்டேன். டம்ளரே கையில நிக்கல, நாத்தனாருக்கு மீனு நிக்குமா?"

பொறி விதியைச் சொன்னாள். மெஷின் நின்றது. அண்ணி ஊசியிலிருந்து நூலை அறுத்தாள். "கிளம்பு. கடை சாத்திடப் போறான்."

அண்ணனின் பழைய தூண்டில் கோல் உதவாது. அதன் பிடி முழுக்க மெத்தென்ற நுரை. பாஸ் மீனுக்கு லூர் என்ற ஓடும் பொய்மீனைப் போடுகிறவர்கள், அதை வீசிவிட்டு ரீலைச் சுற்றி இழுத்துக்கொண்டே இருப்பார்கள். தண்ணீருக்குள் லூர் படபடவென்று அடித்துக்கொண்டு வரும். அந்தத் துடிப்பு தூண்டில் நரம்பு வழியே கோலுக்கும், கோல் வழியே கைக்கும் ஏறும். மீன் கவ்வினால் துடிப்பு ஒரு கணம் தப்பும். கிடைக்கும் சேதி அவ்வளவுதான். உலுக்கி உலுக்கியே கொல்லப்பட்ட விரல்களால் இந்தச் சின்ன உலுக்கலை எப்படிப் படிப்பது? ஆனால் பொறிக்கு மணிக்கட்டுக்கு மேலே உணர்ச்சி இருந்தது. முழங்கை எலும்பு நன்றாகவே கேட்டது.

தூண்டில் கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டியது கடையிலேயே விலை கூடிய கோல். "கார்பன். இறகு மாதிரி இருக்கும். பாதுகாப்பு சார் வச்சிருக்கிறது இதுதான்."

பொறி நுனியைத் தரையில் ஊன்றி அழுத்தினாள். நுனி மட்டும் வளைந்தது, மற்றதெல்லாம் இரும்புக்கம்பி. "தண்ணிக்கடியில புழு போட்டுக் காத்திருக்கிறவங்களுக்கு இது சரி. ஓடுற லூருக்கு எதுக்கு? மீனு வாயை மூடுறதுக்குள்ள வெடுக்குனு பிடுங்கிடுமே."

"விவரமாத்தான் வந்திருக்கீங்க" என்று இரண்டாவதை எடுத்தார். முழுக்கக் கண்ணாடி இழை. விலை மலிவு, அடிவரை வளைந்தது. மூன்றாவது கார்பனும் கண்ணாடி இழையும் கலந்தது. பாதிவரை வளைந்து நிமிர்ந்தது. யாரும் கேள்விப்படாத கம்பெனி, பாசிப் பச்சை நிறம், முதல் கோலின் விலையில் கால்வாசிகூட இல்லை. ஆனால் பிடி நீளம், கெட்டியான தக்கை, அடிமுனை சரியாக முழங்கைக்குக் கீழே வந்து உட்கார்ந்தது.

"நான் கண்ணை மூடிக்கறேன். நீங்க நுனியை நகத்தால சுரண்டுங்க. சில தடவை சும்மா இருங்க, உங்க இஷ்டம். அண்ணி, நீங்க எண்ணுங்க. ஒவ்வொண்ணுக்கும் இருபது தடவை."

"என்னம்மா இது, ஜோசியமா?"

"ஜோசியத்துக்கு ஒரு தடவை பலிச்சாப் போதும் அண்ணே. எனக்கு இருபது வேணும்."

விலை கூடியதில் பதின்மூன்று சரி. அதன் வால்பகுதியில் நுரை இருந்தது. கண்ணாடி இழையில் பதினொன்று. காசைச் சுண்டிப் போட்டாலும் அவ்வளவு வரும். பச்சைக் கோலில் பத்தொன்பது.

கடைக்காரர் தன் நகத்தையே பார்த்தார். கோலைக் காகிதத்தில் சுற்றியபடி சொன்னார்: "பாஸ் பசிக்கு மட்டும் கடிக்காதும்மா. அது இருக்கிற இடத்துல ஒண்ணு திமிரா ஓடுச்சுன்னா, எரிச்சல்லயே வந்து கடிக்கும்."

"அதை நம்பித்தான் வந்திருக்கேன்" என்றாள் பொறி.

ஐந்து மாதம் ஏரிக்கரையே கதி. முதல் மாதம் பாசியைத் தவிர ஒன்றும் மாட்டவில்லை. ஒன்பது லூர்கள் தண்ணீருக்கடியில் போய்ச் சேர்ந்தன. பாசி இழுத்தால் துடிப்பு மெல்லக் கனக்கும், கல்லில் உரசினால் நொறநொறக்கும், மீன் கவ்வினால் சட்டென்று அறுந்து திரும்பும். முழங்கை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டது. குளிர்ந்த காலைகளில் விரல்கள் சுண்ணாம்பாய் வெளுக்கும். அவற்றைக் கதகதப்பாக வைக்க, வெல்டிங் வேலைக்குப் போடும் தடித்த தோல் கையுறைக்குள் அண்ணி பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்தாள்.

போட்டியன்று காலையில் பாதுகாப்பு அதிகாரி அவளைப் பார்த்துவிட்டார்.

"அடடே! உடம்பெல்லாம் எப்படிம்மா இருக்கு?"

"இயல்பா இருக்கு சார்."

அவருடைய சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. "இந்தப் பச்சைக் குச்சி எதுக்கு? துணி காயப்போடவா?"

"காயப்போடத்தான் சார். துணி இல்ல."

அவர் நின்ற கோரைப்புல் ஓரத்திலேயே, இருபது அடி தள்ளி, அவளும் நின்றாள். அவர் வெடுக்கென்று இழுத்த இரண்டு பெரிய மீன்கள் வாயைக் கிழித்துக்கொண்டு தப்பின. பச்சைக் கோல் வளைந்து கொடுத்தது. கவ்விய மீன் நன்றாகக் கவ்வியது. மதியம் மருந்துக்கடைக்காரர் தராசில் ஏற்றினார். சங்கச் செயலாளர் அவர்தான். பாதுகாப்பு அதிகாரிக்கு ஐந்து மீன், ஆறு கிலோ நானூறு. பொறிக்கு ஐந்து மீன், ஏழு கிலோ நூறு.

கூட்டம் கைதட்டியது. பொறி தோல் கையுறை மாட்டிய கையை எல்லாரும் பார்க்கத் தூக்கினாள். "இதைக் கழட்டாமலே பிடிச்சேன் சார். உங்க கார்பனைவிட என் கைக்கு நல்லாத் தெரியுதே!"

"ஏமாத்து!" அவர் கழுத்து நரம்பு புடைத்தது. "அந்தக் கைக்கு ஒண்ணும் தெரியாது! எனக்குத் தெரியாதா? உள்ள ஏதோ மெஷின் வச்சிருக்கா!"

"வாயால சொன்னா ஆகாது சார். எழுதிக் குடுங்க" என்றார் மருந்துக்கடைக்காரர் அலுப்புடன்.

பாதுகாப்பு அதிகாரி தராசு மேசைமேலேயே குனிந்து எழுதினார். விதிப்படி அது கூட்டத்தின் முன் வாசிக்கப்பட்டது:

'இவரது கையுறைக்குள் மின்கருவி இருக்க வேண்டும். காரணம், இவரது வலக்கை விரல்களில் உணர்ச்சி கிடையாது. இவர் எங்கள் தொழிற்சாலையில் பணியாற்றியபோதே நான் ஊசியால் சோதித்து இதை நேரில் அறிவேன்.'

கையுறையைத் திருப்பி உதறினார்கள். அண்ணியின் பஞ்சு விழுந்தது. வேறொன்றும் விழவில்லை.

"ஆட்சேபம் தள்ளுபடி. இந்தாம்மா கோப்பை."

"கோப்பை அப்புறம். முதல்ல நகல் குடுங்க" என்றாள் பொறி. அப்போதும் பாதுகாப்பு அதிகாரிக்குப் புரியவில்லை. அவர் கண் கோப்பைமேலேயே இருந்தது.

இப்போது அந்தக் கோப்பையில் அண்ணி, பிரித்தெடுத்த பொத்தான்களைப் போட்டு வைத்திருக்கிறாள்.

தீர்ப்பாயத்தில் இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். இரண்டிலும் ஒரே கை, ஒரே நாய்வால் சுழி. "இதில் எது பொய்?" என்று கேட்டார் நடுவர். பாதுகாப்பு அதிகாரி தன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் மின்விசிறியைப் பார்த்தார். உத்தரவு வர மேலும் ஆறு வாரம் ஆனது. பட்டறை மூலையில் இன்னும் மூன்று பெண்கள் பிடித்துக்கொண்டிருந்த பழைய கிரைண்டர்கள் அந்த உத்தரவோடுதான் வெளியே போயின. அவரும் போனார்.

பொறி அதுவரை காத்திருக்கவில்லை. விசாரணையன்றும் அவர்களுக்கு நடுவே ஒரு மேசைதான் இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவரிடம் லேசாகக் குனிந்து, அன்பாகவே கேட்டாள்:

"குத்தியாச்சு சார். தெரியுதா?"