மணிப் பலகையில் இல்லாத பெயர்

“போலீஸ்காரர் வந்து பார்த்துட்டுப் போயிட்டாராம், எத்தெரி,” என்றான் கணவன் ஒரேஸ்தே.

“நான் வீட்டுலதானே இருந்தேன்! மணி அடிக்கலையே?”

“கீழ வாசல்ல வீட்டுக்கு வீடு பேரு ஒட்டின மணிப் பலகையில உன் பேரு இல்லையே. அம்மா பேருதான் இருக்கு. நீ இங்க குடியில்லன்னு எழுதிட்டாராம்.”

“செத்துப்போன உங்கம்மா குடியிருக்காங்க, நான் இல்லையா?”

இத்தாலியக் குடிமகனின் மனைவி என்று வசிப்பு அட்டை வாங்க, ஜார்ஜியாக்காரியான அவள் அவனோடு வாழ்வதை அதிகாரி பார்த்தாக வேண்டும். அன்றே பெயரை ஒட்டினார்கள். அதிகாரி மறுபடி வருவார், என்றைக்கு என்று சொல்லமாட்டார். தவறவிட்டால் ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்தாள். மணிச் சத்தம் கேட்கவேண்டும் என்று குளிக்கும்போதும் குளியலறைக் கதவைத் திறந்தே வைத்தாள். ஒரேஸ்தே வெளியூர் வேலைக்குப் போய் ஆறாம் நாள், வாசலில் நின்றபடியே, படியில் போன கீழ்வீட்டுப் பெண் மிரெல்லாவை நிறுத்தினாள்.

“கண்ணு, நான் வாசலைத் தாண்ட முடியாது. எனக்குக் கொஞ்சம் ரொட்டி வாங்கிட்டு வந்து தர்றியா?”