அறைக்குள் போன சஹன்

ஜுனைதாவுக்குத் தன் மருமகனைப் பிடிக்காது. அதை அவள் ஒளித்து வைத்ததும் இல்லை. நிக்காஹ் முடிந்து மாப்பிள்ளை அவள் வீட்டுப் படியேறும்போதே, பக்கத்தில் நின்ற பெண்களுக்குக் கேட்கும்படி, "இவர வெயில்ல நிப்பாட்டினா நிழல் விழாது" என்று சொன்னவள். ஹஸீப் ஐந்தடி ஒன்பது அங்குல உயரம், ஐம்பத்தோரு கிலோ எடை. சொன்னதில் பொய் ஒன்றும் இல்லைதான். ஆனால் அது மாப்பிள்ளையின் காதிலும் விழுந்தது, மகள் நிப்லாவின் காதிலும் விழுந்தது.

நியாயமாகப் பார்த்தால் அந்த நாக்குதான் வரக்காமுறையில் அவளைக் காப்பாற்றியது. நாவுலப் பக்கம் மிளகு ஏற்றப் போன லொறி புரண்டு புருஷன் கலந்தர் மவுத்தானபோது அவளுக்கு முப்பத்திரண்டு வயது, கையில் இரண்டு பிள்ளைகள். ஏழு சாதிக்காய் மரம் நிற்கும் வளவைப் பங்கு போட வந்த கொழுந்தன்மார் இருவரும் அவள் வாசல் கேற்றடியில் நின்று பேசிய பேச்சைக் கேட்டுவிட்டு அந்தத் தெருப்பக்கமே பிறகு தலை காட்டவில்லை. சாதிக்காய் வாங்க வரும் வியாபாரிகள் அவள் வீட்டில் மட்டும் தராசைத் துடைத்துவிட்டுத்தான் நிறுப்பார்கள். இருபத்திரண்டு வருஷம் அந்த வாயாலேயே குடும்பம் நடத்தினாள். சண்டைக்கு ஆள் இல்லாதபோது அதை மூடி வைக்க மட்டும் பழகவில்லை. மூத்தவன் அம்ஹர் கலியாணம் செய்து நாலாம் மாதம் பெண்சாதியைக் கூட்டிக்கொண்டு குருநாகலுக்குப் போய்விட்டான். மருமகள் வெங்காயம் வெட்டுகிற விதத்தைப் பற்றி ஜுனைதா தினமும் ஒரு கருத்துச் சொன்னதுதான் காரணம் என்று ஊருக்கே தெரியும். ஜுனைதாவைக் கேட்டால், வந்தவள் அவனை மயக்கிவிட்டாள் என்பாள்.

அதனால்தான் நிப்லாவுக்கு வீட்டோடு இருக்கிற மாப்பிள்ளையாகத் தேடினாள். இவளாவது கண் முன்னால் இருக்கட்டும் என்று. மாத்தளை டவுனில் சப்பாத்துக் கடையில் நிற்கும் ஹஸீப் அகப்பட்டான். வாய் செத்த பிள்ளை, அது போதும் என்று நினைத்தாள்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. கலியாண வீடுகளில் ஐந்தாறு பேர் சுற்றி உட்கார்ந்து தின்கிற பெரிய தட்டுதான் சஹன். முதல் பிள்ளை பிறக்கும்வரை புதுத் தம்பதிக்குச் சாப்பாடு ஒரே சஹனில் அறைக்குள் போகும். இருவரும் அதிலேயே தின்பார்கள். மாமி வாசல்படியில் வைத்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும், கதவைத் தாண்டி எட்டிப் பார்க்கக்கூடாது. ஜுனைதாவும் கலந்தரும் அப்படித்தான் தின்றார்கள். மருமகனை எத்தனை திட்டினாலும் சஹன் நிரப்புவதில் அவள் கை சுருங்கியதில்லை. மாப்பிள்ளைக்குக் குறைத்துப் போட்டாள் என்ற பேச்சு மட்டும் வரக்கூடாது.

நிப்லா நாலு மாதக் கர்ப்பமாக இருக்கும்போது ஹஸீப் சீகிரியாவில் ஒரு ஹோட்டலுக்கு செக்கியூரிட்டி வேலை கேட்டுப் போனான். அங்கே அவனைத் தராசில் ஏற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்களாம். உயரம் சரி, பேச்சும் சரி, மூன்று மாதத்தில் அறுபத்திரண்டு கிலோவோடு வந்தால் வேலை உண்டு என்று சொல்லி அனுப்பினார்கள். மாமியிடம் அவன் சொன்னது இவ்வளவுதான்.

மறுநாளே டவுனில் டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கிற ஜிம்மில் போய்ச் சேர்ந்தான். அதை நடத்துகிற இன்ஷாப் மாஸ்டர் அவனுக்குக் கணக்கைப் புரியவைத்தார். "ஒடம்பு ஒரு நாளைக்கு எரிக்கிறத விட ஐநூறு கலோரி கூடத் திங்கணும் தம்பி. அதோட ஒவ்வொரு கிழமையும் தூக்குற பாரத்தையும் கூட்டணும். தூக்காம தின்னா வயிறுதான் வரும். தின்னாம தூக்கினா இருக்கிறதும் போகும். தட்டுல ஒரு பருக்கை மிச்சம் வைக்காதீங்க." ஹஸீபுக்கு நாள் போதாது. ஐநூறை ஆயிரமாக்கிக்கொண்டான்.

அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி போயிற்று. விடியற்காலை சுபஹு தொழுகை முடிந்ததும் குசினியில் பிளெண்டர் அலறத் தொடங்கும். பால்மா, வாழைப்பழம், வறுத்த கடலை, மேலே இரண்டு கரண்டி தேங்காய்ப்பால். அதை நின்றபடியே குடித்துவிட்டு ஆறு முட்டை அவிப்பான். பத்து மணிக்குக் கடையில் பராட்டா, பின்னேரம் பேரீச்சம்பழம், ஜிம்முக்குப் போய் வந்து மறுபடியும் பிளெண்டர். வீட்டு முன்கூடமான சாலையின் சுவரில் தொங்குகிற கலண்டரில் ஞாயிறுக்கு ஞாயிறு தன் எடையைச் சிவப்புப் பேனையால் எழுதி வைத்தான். ஐம்பத்தொன்று, ஐம்பத்திரண்டு, ஐம்பத்துமூன்றரை.

ஜுனைதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மெலிந்தவன் என்று கேலி செய்தவளுக்கு இப்போது தின்கிறவன் என்று கேலி செய்ய வாய்ப்புக் கிடைத்தது, அதை அவள் வீணாக்கவில்லை. அறைக் கதவுக்கு வெளியே நின்று, வீட்டுக் கோழியிடம் பேசுகிற மாதிரிப் பேசுவாள். "நீ முட்டை போட்டு என்னத்துக்கு? உள்ளுக்கு ஒருத்தர் ஓட்டையும் சேத்து முழுங்கக் காத்துக்கிட்டு இருக்கார்." அவன் சட்டை இறுகியபோது, "பட்டன் தெறிச்சு யார்ட கண்ணாவது போகப் போகுது" என்றாள். ஹஸீப் கையைக் கழுவிக்கொண்டு ஜிம்முக்குப் போய்விடுவான். அங்கே அவன் தூக்கிய பாரத்தில் பாதி மாமியின் பேச்சுத்தான்.

ஆனாலும் சமைத்தாள். மகள் வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறாளே. ஈரல் வாங்கி மிளகு போட்டு வறுத்தாள், முருங்கைக் கீரை சுண்டினாள், சஹனில் இரண்டு பேருக்கான சோற்றைக் குவித்து, ஈரலை நிப்லா உட்காரும் பக்கமாகப் பார்த்து வைத்தாள். சஹன் துடைத்துவிட்ட மாதிரித் திரும்பி வந்தது. முன்பெல்லாம் கால்வாசி மிஞ்சும். வெறும் சஹனைப் பார்க்கும்போதெல்லாம் ஜுனைதாவுக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். அவன் தின்கிறதைப் பார்த்து மகளும் நன்றாகத் தின்கிறாள், அந்த ஒரு பிரயோசனமாவது அவனால் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டாள்.

நிப்லா அடுத்த மாத கிளினிக்கிற்குப் போகவில்லை. தலை சுற்றுகிறது, வெயில் என்று ஏதோ சொன்னாள். அதற்கடுத்த மாதமும் போகாததால் மிட்வைஃப் மிஸ் வீடு தேடி வந்துவிட்டார். அன்று கடைக்கு லீவு, ஹஸீபும் வீட்டில் இருந்தான்.

சிங்களப் பெண்மணி அவர், கண்டிப்பானவர். கொண்டுவந்த தராசைச் சாலையில் வைத்து நிப்லாவை ஏற்றினார். கிளினிக் அட்டையைப் பார்த்தார், தராசைப் பார்த்தார், இறங்கி மறுபடி ஏறச் சொன்னார். நாலாம் மாதத்தில் நாற்பத்தேழு. இப்போது ஆறரை மாதம், நாற்பத்தேழரை. கண் இமையை இழுத்துப் பார்த்தார். சிவப்பு இருக்க வேண்டிய இடம் வெளிறிக் கிடந்தது. அப்போதுதான் சுவரில் இருந்த கலண்டர் அவர் கண்ணில் பட்டது. ஐம்பத்தொன்றில் தொடங்கி ஐம்பத்தொன்பதுவரை சிவப்பு மையில் ஏறிப் போயிருந்தது.

"இது யாருடைய எடை?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"மருமகன்ட" என்றாள் ஜுனைதா.

"அப்படியென்றால் இந்த வீட்டில் பிள்ளை வயிற்றில் இருப்பது அவருக்குத்தான்" என்றார் மிஸ். அவர் சிரிக்கவில்லை. இரண்டு கிழமையில் எடை ஏறாவிட்டால் வார்டில் சேர்க்க வேண்டிவரும், பிள்ளையும் வளரவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

கேற் சாத்துகிற சத்தம் கேட்கும்வரை ஜுனைதா பொறுத்தாள். பிறகு மருமகன் பக்கம் திரும்பினாள். கதவுக்கு வெளியே நின்று பேசுகிற பேச்செல்லாம் இப்போது முகத்துக்கு நேரே வந்தது.

"ரெண்டு பேருக்கு வச்ச சோத்த ஒத்தையாத் தின்னீங்களா? எண்ட பிள்ளை பட்டினி கிடக்க, பக்கத்துல உக்காந்து வழிச்சு நக்கினீங்களா? ஒடம்பு வளத்து யார அடிக்கப் போறீங்க? நீங்க மனுசன்தானா?"

ஹஸீபின் முகம் செத்துப்போயிற்று. "இப்பவும் ரெண்டு பேருக்கா?" என்றான். அவன் மாமியைப் பார்க்கவில்லை, பெண்சாதியைப் பார்த்தான். "நீ குசினியில உம்மாவோட தின்னுட்டேன்னு சொன்னியே. எங்கட வீட்ல பொம்பளைங்க அடுப்படியிலேயே தின்னுடுவாங்க. மாசமானதும் நீயும் அப்படித்தான்னு நெனச்சேன். தெனமும் கேட்டேனே நிப்லா."

"பொய்" என்றாள் ஜுனைதா.

"பொய் இல்ல உம்மா" என்றாள் நிப்லா. "நான்தான் அப்படிச் சொன்னேன்."

அவள் கதிரையில் உட்கார்ந்திருந்தாள். குரல் உயரவில்லை, அழவும் இல்லை. "முதல்ல ரெண்டு மூணு நாள் வாந்தி. தின்ன முடியல, அவர் தின்னார். பொறகு பசிச்சது. குசினிக்கு வந்து சோறு போட்டா நீங்க என்ன கேப்பீங்க? மாப்பிள்ளை உனக்கு மிச்சம் வைக்கலியான்னு கேப்பீங்க. அத வச்சே அவர ஒரு மாசம் குத்துவீங்க. அதுக்கு டீயும் பிஸ்கட்டும் போதும்னு இருந்தேன்."

"வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டா? உனக்குப் பைத்தியமா?"

"அந்த வேலைக்குக் கோட்டர்ஸ் இருக்கு உம்மா. குடும்பத்தோட இருக்கலாம். அறுபத்திரண்டு கிலோ வந்தா அடுத்த மாசமே போகலாம். அவர் சீக்கிரம் ஏறணும்னு இருந்துச்சு. இங்கேருந்து போகணும்னு இருந்துச்சு. பிள்ளைட காதுல முதல்ல பாங்கு ஓதுற சத்தம் விழணும், உங்கட பேச்சு விழக்கூடாதுன்னு இருந்துச்சு."

ஜுனைதா வாயைத் திறந்தாள். கொழுந்தன்மாரை ஓட்டிய வாய், வியாபாரிகளை நடுங்க வைத்த வாய். அதில் ஒன்றும் வரவில்லை. அடிபட்ட இடம் எதுவென்று அவளுக்கே தெரியவில்லை, எல்லா இடமும் வலித்தது. அம்ஹரை வந்தவள் கூட்டிக்கொண்டு போனாள் என்று சொல்லித் திரியலாம். இவளை யார் கூட்டிக்கொண்டு போகிறார்கள்? இவள் தன் சோற்றைத் தானே தள்ளிவிட்டுப் போகப் பார்க்கிறாள்.

குசினிக்குப் போனாள். அன்று பகல் அறைக்குச் சஹன் போகவில்லை. சாலை மேசையில் இரண்டு தட்டு வந்தது, இரண்டிலும் ஈரல், இரண்டிலும் மும்மூன்று முட்டை. ஜுனைதா எதிரே கதிரை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மகள் கடைசிப் பருக்கையைத் தின்னும்வரை கண்ணை எடுக்கவில்லை. ஹஸீப் தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"நீங்க ஏன் தின்னாம பிசைஞ்சுக்கிட்டே இருக்கீங்க?" என்றாள் அவனிடம். "இன்னும் மூணு கிலோ கிடக்கு. தின்னுங்க."

அவனை அவளுக்கு அப்போதும் பிடிக்கவில்லை. சொல்லப்போனால் முன்னைவிட அதிகமாக வெறுத்தாள். அந்த வெறுப்போடேயே தினமும் மூன்று வேளை சமைத்தாள். மகளுக்கு வைக்கிற ஒவ்வொரு கரண்டியும் பிள்ளைக்கு. அவனுக்கு வைக்கிற ஒவ்வொரு கரண்டியும் மகளை வாசலுக்கு வெளியே தள்ளுகிறது. அது தெரிந்தும் இரண்டு தட்டிலும் சமமாகத்தான் வைத்தாள். பிளெண்டருக்கு வாழைப்பழத்தைக்கூட அவளே உரித்துப் போட்டாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

இரண்டு கிழமை கழித்துக் கிளினிக்கில் நிப்லா நாற்பத்தொன்பது. மிஸ் அட்டையில் வார்டு என்று எழுதியிருந்ததை வெட்டிவிட்டார். மறு மாதம் முதல் ஞாயிறு ஹஸீப் கலண்டரில் அறுபத்திரண்டு என்று எழுதினான். ஹோட்டலில் இருந்து புதன்கிழமையே வரச் சொல்லிவிட்டார்கள்.

புதன் காலை வேன் வந்து நின்றது. ஹஸீப் இரண்டு பெரிய பேக்கையும் இரண்டு கையில் தூக்கிக்கொண்டு போய் ஏற்றினான். ஜுனைதா கேற்றடியில், கொழுந்தன்மாரை நிறுத்தி வைத்த அதே இடத்தில் நின்றாள். முட்டை அவித்துக் கட்டிய பொதி கையில் இருந்தது. மகள் வேனில் ஏறப் போகும்போதுதான் அதைக் கொடுத்தாள்.

"பிள்ளை பெற இங்க வருவியா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியில் குத்தல் ஒன்றும் இல்லை. அவளுக்கு அப்படிக் கேட்டுப் பழக்கமில்லாததால் குரல் யாருடையதோ போல வந்தது. நிப்லா உம்மாவின் முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

"இப்படிக் கேட்டா வருவேன்" என்றாள்.

ஜுனைதாவின் நாக்கில் அதற்குப் பதில் தயாராக இருந்தது. நல்ல கூரான பதில், மருமகனையும் மகளையும் சேர்த்துக் குத்துகிற பதில். வேன் திரும்பி மறையும்வரை அவள் அதைச் சொல்லவில்லை.