துணி கட்டிய ஏழு மூடு நெல்

கேரள எல்லையோரக் குளத்தூரில் குத்தகைப் பாட்டத்துக்கு எடுத்த என் வயலில் அந்த முறை நாற்று மிஞ்சிப்போயிற்று. மிஞ்சின நாற்றை வரப்பில் காயவிடுவது எங்கள் பக்கத்தில் பாவம். பக்கத்து வயல்காரரைக் கூப்பிட்டேன். கொத்தனார் வேலையை விட்டு நெல்லில் இறங்கியவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய நாற்றங்காலைக் காட்டுப்பன்றி உழுதுபோட்டிருந்தது. என் நாற்றுக் கட்டுகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு, "நீ இல்லேன்னா இந்தப் பூவு எனக்கு இல்ல மக்கா" என்றார். ஒரு போக விளைச்சலைத்தான் பூவு என்போம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு மாதத்தில் இரண்டு வயலும் மஞ்சளித்தன. யூரியா போட்டேன், இன்னும் மஞ்சளித்தது. இரண்டு மூடு, அதாவது இரண்டு குத்து, நெல்லை வேரோடு பிடுங்கி வேளாண் அலுவலகமான கிருஷி பவனுக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த பெண் அதிகாரி வேரை வாளித் தண்ணீரில் அலசிக் காட்டினார். நுனியெல்லாம் கொக்கிபோல் வளைந்து, கடுகு கடுகாக முடிச்சு. உள்ளே நூற்புழு, கண்ணுக்குத் தெரியாது என்றார். தண்ணீர் கட்டாமல் மேட்டில் நாற்றுப் பாவினீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். புழு அங்கேயே வேரில் ஏறி, நாற்றோடு வயலுக்கு வந்திருக்கிறது.

"இனி எந்தா செய்யுக?" என்று மலையாளத்தில் கேட்டேன்.

"இந்தப் பூவில் ஒண்ணும் செய்யான் பற்றில்ல." இந்தப் போகத்தில் ஒன்றும் செய்ய முடியாதாம்.

புழுவைப் பெருகவிடாத நெல்லும் உண்டாம். ஆப்பிரிக்க நெல் சிலவற்றில் அந்தக் குணம் இருக்கிறது, நம் நெல்லோடு ஒட்டுச்சேர்த்துப் பார்க்கிறார்கள், ஆனால் கொடுக்க என்னிடம் விதை இல்லை என்றார். பஸ்ஸில் திரும்பும்போது என் வயலை நான் நினைக்கவே இல்லை. அந்தக் கட்டுகளைச் சுமந்த அண்ணனின் தலைதான் கண்ணில் நின்றது.

அவர் வயலையும் கெடுத்தது நான்தான் என்று எப்படிச் சொல்வது? நாலு நாள் அவர் கண்ணில் படாமல் வரப்பை மாற்றி நடந்தேன். அப்படிச் சுற்றும்போதுதான் என் வயலின் கீழ்மூலையில் ஏழு மூடு மட்டும் பச்சையாக நிற்பதைப் பார்த்தேன். விதையில் கலந்து வந்த வேறு ஏதோ நெல், ஒரு சாண் கூடுதல் உயரம். ஒன்றின் ஓரத்தைத் தோண்டிப் பார்த்தேன். வெள்ளை வேர், ஒரு முடிச்சும் இல்லை. அதிகாரிக்கு போன் செய்தேன். உறுதியாக எதுவும் சொல்ல முடியாது, ஆனாலும் விளைந்ததும் மணியைத் தனியே கொண்டுவாருங்கள், சோதனைக்கு அனுப்பலாம் என்றார். அது தேறினால், அந்த விதையை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தீர்மானித்தேன். வெறுங்கையோடு போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பழைய சேலையைக் கிழித்து ஏழு மூட்டிலும் அடையாளத்துக்குத் துணி கட்டினேன்.

அங்கேதான் என் புத்தி மழுங்கிப்போயிற்று. எங்கள் வயல்களில் கலப்பு நெல்லுக்குத் துணி கட்டுவது, களையெடுக்கிறவர்கள் அதைப் பார்த்துப் பிடுங்குவதற்கு. நானே எத்தனையோ முறை கட்டியிருக்கிறேன்.

சனிக்கிழமை தனுவச்சபுரத்தில் என் ஜெராக்ஸ் கடையை அடைத்துவிட்டு வந்தேன். ஏழும் வரப்பில் கிடந்தன, துணியோடு. வேரை நன்றாக உதறி அடுக்கியிருந்தது. காலையிலிருந்து வெயிலில் கிடந்து இலை சுருண்டு, அந்த வெள்ளை வேரெல்லாம் நூலாகக் காய்ந்திருந்தது.

அண்ணன் தன் மஞ்சள் வயலிலிருந்து ஏறி வந்தார்.

"துணி கெட்டியிருந்தத பாத்தேன். கடையில நிக்கிறவ எப்ப வந்து பிடுங்குவான்னு நானே பிடுங்கிட்டேன். நாத்து தந்த பிள்ளைக்கு இதாவது செய்யண்டாமா?"

கத்த வேண்டும் போலிருந்தது. அழ வேண்டும் போலவும் இருந்தது. "நல்லதாச்சு அண்ணா" என்றேன்.

"அடுத்த பூவுக்கும் ஒனக்க நாத்துதான் மக்கா" என்றார். "இப்பவே சொல்லிட்டேன், வேற ஆருக்கும் குடுத்துராத."