வேலையில நிக்கிறன்

தூத்துக்குடிக்கு நான் போனது என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவரைப் பார்க்க. பார்த்தது என்னவோ லாப்டாப்பைத்தான்.

கொழும்பில் ஒரு சரக்குக் கப்பல் கம்பெனியில் எனக்கு வேலை. அவருக்குத் தூத்துக்குடியில் அதே மாதிரி இன்னொரு கம்பெனியில். அங்கிருந்து வரும் கண்டெய்னர்கள் எங்கள் துறைமுகத்தில் கப்பல் மாறும். அந்தக் கண்டெய்னர் எங்கே, இந்தக் கண்டெய்னர் எங்கே என்று போனில் சண்டை பிடித்தே பழகினோம். கல்யாணம் பேசி முடித்த பிறகு, "ஒரு தடவ வந்து ஊரப் பாத்துட்டுப் போ" என்றார். லீவு கிடைக்கவில்லை. அங்கேயிருந்தே வேலை செய்கிறேன் என்று மனேஜருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். விசர் வேலை, சரியான பைத்தியக்காரத்தனம்.

தாலி ஏறுமுன் மாப்பிள்ளை வீட்டில் பெண் தங்கக்கூடாதாம். அதனால் அவருடைய அக்கா வீட்டு மாடி அறை எனக்கு. ஃபேன் காற்றும் சுடும். கரண்ட் போனால் இன்டர்நெட்டும் போகும். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வெயிலில் நின்று போனில் மெயிலுக்குப் பதில் எழுதுவேன். நான் லாப்டாப்பை மூடும் நேரம் பார்த்து அவருக்கு ஒரு கப்பல் வரும். அவர் ஹார்பரிலிருந்து திரும்பும்போது எனக்குக் கண் சொருகும். இதற்குக் கொழும்பிலேயே இருந்திருக்கலாம், போனிலாவது ஒழுங்காகக் கதைத்திருப்போம்.

மத்தியானம் அவருடைய அம்மா தூக்குச்சட்டியில் சோறும் மீன்குழம்பும் கொண்டுவருவார். ஹெட்போனோடு இருக்கும் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டுவார். ஒருநாள் கேட்டேவிட்டார்.

"ஏளா, மொகமெல்லாம் வாடிப் போச்சே. எந்நேரமும் அந்தப் பெட்டிய நோண்டிக்கிட்டு! கல்யாணத்துக்குப் பொறவு வேலைக்கு என்ன செய்வ?"

என் காதில் ஒரு வாடிக்கையாளர் கத்திக்கொண்டிருந்தார். "நிப்பன் மாமி, வேலையில நிப்பன்" என்றேன் அவசரமாக.

மாமிக்கு முகம் மலர்ந்துவிட்டது. என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். என் வேலையை மதிக்கிற மாமியார் கிடைத்திருக்கிறார் என்று அன்றே என் அம்மாவிடம் பெருமையடித்தேன்.

மறுநாள் சாயங்காலம் அக்கா ஒரு மக்ரூன் பெட்டியோடு மாடிக்கு வந்தார். "அம்மாக்குத் தலகால் புரியல. சொந்தக்காரவ எல்லாருக்கும் போனு. மருமவ வேலைய விட்டு நிக்கப் போறாளாம், தானாவே சொல்லுதாளாம்!"

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. எங்கள் ஊரில் வேலையில் நிற்பது என்றால் வேலையில் இருப்பது. இவர்களுக்கு நிற்பது என்றால் நின்றுவிடுவது. ஐயோ கடவுளே, ஒரே சொல்லில் என் வேலைக்கு நானே உலை வைத்துவிட்டேன்! முதலில் சிரிப்புத்தான் வந்தது. அவர் வந்ததும் சொல்லிச் சிரிக்கலாம் என்று காத்திருந்தேன்.

வந்தார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அம்மா நேத்தே சொன்னாவ."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"ஒண்ணும் சொல்லல."

எத்தனை தடவை இவரிடம் போனில், "வேலையில நிக்கிறன், பிறகு கதைக்கிறன்" என்று சொல்லியிருப்பேன்! "உங்களுக்கு விளங்கினதுதானே?" என்று கேட்டேன்.

"வெளங்குச்சு." மக்ரூன் பெட்டியைக் கட்டியிருந்த நூலைப் பிரித்துக்கொண்டே சொன்னார். "அம்மா அவ்வளவு சந்தோசமா இருந்தாவ. நீயும் களைச்சுப் போயிருக்க. அது அப்படியே இருந்துட்டா நல்லதுதானேன்னு நெனச்சேன்."

களைப்புத்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். எலும்பெல்லாம் களைப்பு. ஆனால் என் களைப்பைக் காட்டி இவர் என் வேலையை நிறுத்துவதா? கோபத்தில் அழுகை முட்டியது. அழவில்லை. அழுதால் அதையும் களைப்பென்றே சொல்வார்.

அடுத்த நாள் மத்தியானம் மாமியோடு அவரும் வந்தார். லாப்டாப்பை மூடினேன். மறுபடி பிழை வரக்கூடாது என்று அவர்கள் பேச்சிலேயே சொன்னேன்.

"அத்தே, நான் வேலைய விடமாட்டேன். கல்யாணத்துக்குப் பொறவும் வேல பாப்பேன்."

என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். மாமி மகன் பக்கம் திரும்பினார்.

"ஏலே, அவ பேச்சு எனக்குச் சரியா புடிபடலன்னுதானே அன்னைக்கே ஒங்கிட்ட கேட்டேன். 'ஆமாம்மா, வேலைய விடுதா'ன்னு நீதானல சொன்ன?"

இந்தத் தடவைதான் அவர் உண்மையாகவே ஒன்றும் சொல்லவில்லை.