இணைப்பு என்று எழுதியிருந்தது

செய்யூர்ப் பக்கத்தில் எங்கள் ஊரைத் தீவு என்றுதான் சொல்வார்கள். சுற்றிலும் உப்பங்கழி. போய்வர ஒரு தரைப்பாலம், நல்ல மழை பெய்தால் அதுவும் மூழ்கிவிடும். இவ்வளவு தண்ணீர் இருந்தும் குடிக்கச் சொட்டு கிடையாது. அதற்கு லாரி வரவேண்டும்.

அதனால்தான் ரேஷன் கடைச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸில் 'இணைப்பு' என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. 'இணைப்புக்குச் சம்மதம் உள்ளோர் கையொப்பமிட்டுத் தரலாம்' என்று தலைப்பில் இருந்தது. மனு மேல் மனுவாக எழுதிப்போட்ட குடிநீர் இணைப்பு வந்தேவிட்டது என்று முடிவு கட்டினேன். படம் எடுத்துக்கொண்டேன். கீழே பொடி எழுத்தில் இருந்ததைப் படிக்க எனக்கு எங்கே பொறுமை? ஊரிலேயே எம்.ஏ. படித்தவள் அல்லவா! வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினேன். முதல் கையெழுத்து அம்மாவுடையது.

"இன்னாடி எழுதிகீது இதுல?"

"கொழா வரப்போவுதும்மா. போடு."

ஒவ்வொரு எழுத்தாக யோசித்து யோசித்துத் தன் பெயரை எழுதினாள்.

தாளை ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்த மறுநாள், கூடுவாஞ்சேரியில் என்னோடு வேலை செய்யும் அக்கா பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். அவர் ஊரை நகராட்சியோடு இணைத்ததும் நூறு நாள் வேலை நின்றுபோனதாம். இணைத்ததும். கைப்பேசியில் நோட்டீஸைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எங்கள் ஊராட்சியைப் பக்கத்துப் பேரூராட்சியோடு இணைக்கும் உத்தேசம் அது. குழாய் என்ற பேச்சே அதில் இல்லை.

அம்மா என் சம்பளத்தைத் தொடமாட்டாள். ஊராட்சிகளுக்கு மட்டுமே உள்ள அந்த நூறு நாள் திட்டத்தில் ஏரி வேலைக்குப் போய் வாங்கும் கூலிதான் அவள் கௌரவம். கிராம சபைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. அந்த நான்கு நாளும் அவள் மண்வெட்டியை எடுக்கும் சத்தம் கேட்டாலே எனக்குச் சோறு இறங்காது. சொல்லவும் பயம், சொல்லாமலிருக்கவும் பயம்.

கிராம சபையில் அதிகாரி விஷயத்தை அறிவித்ததும் ஒரு பெரியவர் எழுந்துவிட்டார். "நாம இன்னா தனி நாடா, இன்னொரு நாட்டோட சேக்கறதுக்கு? அந்தப் பாலத்த ஒசத்திக் குடுக்க ஒருத்தனும் வரல, சேத்துக்க மட்டும் வர்றாங்களா?"

"ஊரே சம்மதம்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே" என்று அதிகாரி தாளைத் தூக்கிக் காட்டினார்.

நான் எழுந்தேன். "தப்பு என்னோடது. தண்ணி இணைப்புன்னு நெனச்சிகினு நான்தான் எல்லார்கிட்டயும் வாங்கினேன்."

"எம்.ஏ. படிச்சது இதுக்குத்தானா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். வெட்கமாக இருந்தது. அம்மாவின் பக்கம் திரும்பவே முடியவில்லை.

மறுப்பு எழுதிக் கொடுத்தால் மேலே அனுப்புவதாக அதிகாரி சொன்னார். முடிவு தன் கையில் இல்லை என்றும் சொன்னார். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். முதல் ஆளாக வந்தது அம்மாதான். பேனாவை வாங்கிக்கொண்டாள், ஆனால் எழுதவில்லை.

"மொதல்ல முழுசா படி."

முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, ஒரு சொல் விடாமல் படித்தேன். கண்ணை மூடிக் கேட்டவள் நிமிர்ந்தாள்.

"இதுலயும் கொழா இல்லியா?"

"இல்லம்மா" என்றேன்.

அம்மா குனிந்து கையெழுத்துப் போட்டாள்.